உள்ளங்காலில் வைத்த மைப்பொட்டு

என் முதல் குழந்தைக்குப் பால் கொடுத்த காலத்தில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. தோளை ஒட்டி உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாமல் என்னால் பால் கொடுக்க முடியும். பஸ்ஸில் கொடுத்திருக்கிறேன், கல்யாண மண்டபத்தில் கொடுத்திருக்கிறேன், ரேஷன் கடை வாசலில் காத்திருக்கும்போதும் கொடுத்திருக்கிறேன். இப்போது அதைப் பெருமை என்று எழுதவே கை கூசுகிறது. ஒரு மழை நாளில் அந்தப் பெருமைதான் என் பெண்ணை என் மடியில் வைத்தே என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப் பார்த்தது.

பிரசவமாகி முதல் பத்து நாள் எனக்குப் பால் சரியாக ஊறவில்லை. பூண்டுப் பாலும் முருங்கைக் கீரையும் தின்று பார்த்தேன். பிள்ளை உறிஞ்சி உறிஞ்சிக் களைத்து அழும். நான் ஏற்காட்டு மலை உச்சிக் குகையில் இருக்கும் எங்கள் சேர்வராயன் சாமியை நினைத்துக்கொண்டு, "பால் ஊறட்டும் சாமி, பிள்ளையைக் கொண்டுவந்து உன் குகை வாசலில் கிடத்தி எடுக்கிறேன்" என்று வேண்டினேன். அடுத்த நாள் காலையில் ரவிக்கை நனைந்திருந்தது. சாமி கொடுத்த பால் என்று சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன். அதனால்தான் அதை ஒளித்து வைக்கவும் தோன்றியது.

ஒளித்துக் கொடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பிள்ளை பசித்துக் கத்தும்வரை விடக்கூடாது. கத்திய பிறகு கொடுத்தால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். வாயைச் சப்ப ஆரம்பிக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ரவிக்கையில் கீழ்க் கொக்கி இரண்டை மட்டும் கழற்றினால் போதும். முந்தானையை எதிர்த் தோளுக்கு இழுத்துச் செருகிவிட்டு, பிள்ளையின் மேல் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது துணியை இழுத்துவிடும். ஜன்னல் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, வேடிக்கை பார்ப்பதுபோல முகத்தை வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் நானாகப் பழகியது.

என் மாமியார் சொன்னது வேறு. அவருக்கு மார்பு தெரிவதைப் பற்றிக் கவலை இல்லை. பால் குடிக்கும் பிள்ளையின் முகம் தெரியக்கூடாது. "குடிக்கற வாயை எவளாச்சும் பாத்தா பால் நின்னு போயிரும் கண்ணு. அதுலயும் கைப்பிள்ளக்காரி பாக்கவே கூடாது. அவ புள்ளைக்கு இழுத்துக்குவா" என்பார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் தவறிப் போயிருக்கிறார்கள். அதனால் அவர் சொன்னதை நான் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

ஐந்தாம் மாதம் என்னை அம்மா வீட்டிலிருந்து ஏற்காட்டுக்கு அழைத்துப் போக மாமியார் வந்தார். ஏற்காட்டில் என் வீட்டுக்காரருக்கு மிளகு, தேன், காப்பித்தூள் விற்கும் சின்னக் கடை. கிளம்பும்போது மாமியார் பிள்ளைக்கு நெற்றியில் திருநீறு, கன்னத்தில் ஒரு மைப்பொட்டு, வலது உள்ளங்காலில் ஒரு மைப்பொட்டு வைத்தார். இரண்டு நாளாக விடாத மழை. சாமி படத்துக்குக் காட்ட எடுத்த கற்பூரம் நமுத்துப் போய், நாலு குச்சி கிழித்தும் பற்றவில்லை. "ஈரத்துக்கு அப்படித்தான்" என்றார் அம்மா. மாமியார் பையிலிருந்து தன்னுடைய கம்பளிச் சால்வையை எடுத்து என் மடியில் போட்டார்.

அடிவாரத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மேலே பாறை உருண்டு ரோடு அடைத்திருந்தது. குப்பனூர் வழியாகச் சுற்றிப் போக வேண்டும் என்றார்கள்.

"மலையே கீழ எறங்கி வருது, நாம மேல போறோமுங்க. எறங்கறவங்க இப்பவே எறங்கிக்கலாம்" என்றார் கண்டக்டர். சிலர் சிரித்தார்கள். யாரும் இறங்கவில்லை.

குப்பனூரில் கூட்டம் ஏறியது. கையில் ஒரு பிள்ளையோடு மாரமங்கலத்துப் பெண் ஒருத்தி ஏறினாள். என்னைவிட இளையவள். தலையில் கோணிப்பையை மடித்துப் போட்டிருந்தாள். எங்கள் சீட்டுக்கு நேர் எதிரே, நடைவழிக்கு அந்தப் பக்கம் அவளுக்கு இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் பிள்ளைக்கு மார்பைக் கொடுத்துவிட்டு டிக்கெட்டுக்குக் கை நீட்டினாள். முந்தானை ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம்.

"மூடிக் குடுத்தா என்ன கொறஞ்சு போயிருமாம்?" என்றார் மாமியார், அவளுக்குக் கேட்கும்படியே.

"மூடி என்னத்தைங்க பண்றது? இவன் உறிஞ்சற சத்தம் டிரைவருக்கே கேக்குமுங்க" என்றாள் அவள். பின் சீட்டில் சிரிப்பு எழுந்தது. மாமியார் முகம் சுண்டிப்போயிற்று.

மேலே ஏற ஏற மூடுபனி இறங்கியது. சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன, பிறகு ரோட்டின் ஓரமே தெரியவில்லை. ஒரு வளைவில் பஸ் நின்றது. முன்னால் மரம் விழுந்து கிடந்தது. வெட்டி எடுக்க ஆள் வரவேண்டும். சாரல் அடித்ததால் எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டார்கள். உள்ளே மூச்சும் ஈரத்துணியும் சேர்ந்து ஒரு புழுக்கம். எங்கேயோ மேலே சின்னச் சின்னக் கற்கள் உருளும் சத்தம் கேட்கும், நிற்கும், மறுபடி கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பேச்சு நின்றுபோகும்.

என் பெண் வாயைச் சப்ப ஆரம்பித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, கொக்கியைக் கழற்றி, முந்தானையால் மூடினேன்.

"அவ பாக்கறா. நல்லாப் போத்து" என்றார் மாமியார் காதோரமாக. சால்வையை இரண்டாக மடித்து அவரே மேலே போட்டு, ஓரத்தை என் இடுப்புக்கும் சீட்டுக்கும் நடுவே செருகினார். "குளுருக்கும் ஆச்சு."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவள் பார்வை எங்கள் பக்கம்தான் இருந்தது. நான் பிள்ளையை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டேன். மேலே கல் உருளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, சாமி பேரை மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேண்டுதலை ஐந்து மாதமாகத் தள்ளிப் போட்டுவிட்டேனே, அதற்குத்தான் மலையில் நிறுத்தி வைத்திருக்கிறாரா என்று ஒரு பயம். பயமெல்லாம் வெளியே இருந்தது. மடியில் என்ன நடக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

பால் குடிக்கும்போது என் பெண் கால் விரல்களை மடக்கி மடக்கி என் இடுப்பில் உதைப்பாள். அந்த உதை நின்றது எனக்குத் தெரிந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். இத்தனை பேர் நடுவில் ஒருவருக்கும் தெரியாமல் குடித்துத் தூங்கியும் விட்டாளே என்று, சாமி மன்னிக்கணும், சந்தோஷப்பட்டேன்.

"அக்கா" என்றாள் எதிர் சீட்டுப் பெண். "ஏனுங்கக்கா, கொழந்த மூஞ்சியத் தொறந்து உடுங்க."

"எங்க புள்ளய எங்களுக்குப் பாக்கத் தெரியும். நீ உன்னுத மூடு மொதல்ல" என்றார் மாமியார்.

"கால் ஆடலீங்க. எந்நேரமா பாத்துட்டிருக்கறேன். கால் நெறமே மாறிப் போச்சுங்க."

சால்வைக்கு வெளியே வலது பாதம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்காலில் கறுப்பாக மைப்பொட்டு. அதைச் சுற்றி எப்போதும் ரோஜா நிறமாக இருக்கும் தோல் சாம்பல் பூசியதுபோல இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை எழவில்லை.

அவள் தன் பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவர் மடியில் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்தாள். மாமியார் கையை நீட்டித் தடுத்தார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு, சால்வையையும் முந்தானையையும் சேர்த்துப் பிடுங்கி எறிந்தாள். என் பெண்ணின் முகம் மார்பில் புதைந்து கிடந்தது, மூக்கு நசுங்கி, வேர்வையில் முடி ஒட்டி, உதடு நீலமாக. அவள் பிள்ளையைத் தூக்கினாள். தலை துணிபோலத் தொங்கியது.

"ஜன்னலத் தொறங்க!" என்று கத்தினாள். யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். மழையில் கையை நனைத்து முகத்தில் தடவினாள். உள்ளங்காலைச் சுண்டினாள், முதுகைத் தேய்த்தாள். நான் மார்பு திறந்தபடி பஸ் நடுவில் நின்றிருந்தேன். எத்தனை பேர் பார்த்தார்களோ. அது என் நினைவிலேயே இல்லை.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் ஒரு விக்கல் மாதிரி வந்தது. பிறகு கொஞ்சம் பால் வழிந்தது. பிறகு அழுகை. அதற்குமுன் அப்படி ஒரு அழுகையை அவள் அழுததில்லை.

"கத்து சாமி, நல்லாக் கத்து" என்றாள் அவள். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, தன் பிள்ளையை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். மாமியார் கீழே கிடந்த சால்வையை எடுத்து உதறி மடித்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மாமியார் நடுவில் இருந்தார். நான் சொல்லவில்லை. ஏற்காட்டில் இறங்கியதும் அவள் மாரமங்கலம் பஸ்ஸுக்கு ஓடினாள். பனியில் அந்தக் கோணிப்பை கொஞ்ச தூரம் தெரிந்தது, அவ்வளவுதான்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பழுதில்லை, ஆனால் கொடுக்கும்போது மூக்கு உன் கண்ணுக்குத் தெரியணும் என்று மட்டும் சொன்னார். மாமியார் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

விளக்கு வைத்ததும் அவர் சுற்றிப் போட உட்கார்ந்தார். கல் உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்துப் பிள்ளையைச் சுற்றினார். "அந்தக் கைப்பிள்ளக்காரி கண்ணு. பாத்துட்டே இருந்தேங்கறாளே, அவ வாயாலயே சொன்னாளே" என்றார். என் பிள்ளைக்கு உயிர் கொடுத்தவளுடைய கண்ணைக் கழிக்க நானே மடி கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.

கண் பட்டிருந்தால் மிளகாய் நெருப்பில் விழுந்தாலும் நெடி வராது என்பார்கள். நெடி ஏறினால் கண் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். என் மாமியார் அதை என்னைவிட உறுதியாக நம்புகிறவர்.

மிளகாயை நெருப்பில் போட்டார். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு நெடி எழுந்தது பாருங்கள், நான் இருமினேன், பிள்ளை தும்மினாள், கடையை அடைத்துவிட்டு வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று இருமினார். மாமியாருக்கு இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் ஊற்றியது. எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

"மொளகா நொம்பக் காரம்" என்றார். முகத்தைத் துடைத்துக்கொள்ள அந்தச் சால்வையை எடுத்தவர், துடைக்காமலேயே அதை மடித்தார். பிறகு பெட்டியின் அடியில் வைத்து மூடினார். அதற்குப் பிறகு எத்தனையோ குளிர் வந்தது. அவர் அதை எடுக்கவே இல்லை.