விழுந்தது எந்தப் பவுண்?

வாசகரே, உங்கள் வீட்டு அலுமாரியில், சேலை மடிப்புக்குள்ளோ காணி உறுதிப் பத்திரத்தின் உறைக்குள்ளோ ஒரு வெளிநாட்டுத் தாள் கிடக்குமானால், அது எதற்காகக் காத்திருக்கிறது என்று உங்களை நீங்களே ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா?

நாணயம் மாற்றுவது என்பது, காசைக் காட்டிலும் பிறருடைய பதற்றத்தை அதிகமாகக் கையில் வாங்கும் தொழில். கிளிநொச்சியில், கண்டி வீதியைப் பார்த்த ஒரு சிறு கடையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பதினொரு வருடங்களாக அமர்ந்திருக்கிறேன். காலை எட்டரை மணிக்குக் கொழும்புத் தலைமையகம் அன்றைய விலைகளைக் கைபேசியில் அனுப்பும். அவற்றை வாசலில் தொங்கும் வெள்ளைப் பலகையில் நீல மையால் எழுதுவேன். என் அதிகாரம் அவ்வளவுதான். ஆனால், எழுதுகிறவனே விலையைத் தீர்மானிக்கிறான் என்று நம்புவோர் இந்தப் பக்கத்தில் ஏராளம்.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற அந்த வருடத்தில், பலகையில் இருந்த எல்லா நாணயங்களும் ஏறின. ரூபாய் விழுந்ததை நாங்கள் கொண்டாடினோம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கொண்டாடினோம். அடுத்த வருடம் அவை இறங்கத் தொடங்கின. கடல் கடந்த உறவின் தொலைபேசி அழைப்பை நம்பிக் குடும்பம் நடத்தும் என் சக அவதிக்காரரே, அந்த மாதங்களில் நான் கேட்டவற்றில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

கையெழுத்து

உருத்திரபுரத்துச் சோதி மாஸ்ரர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். நாலு ஏக்கர் வயலும் கனடாவில் ஒரு மகனும் உடையவர். மகன் வந்துபோனபோது கையில் வைத்துவிட்டுச் சென்ற டொலர்களை அவர் மாற்றுவதில்லை. மாற்றுவதற்கு உகந்த நாளைத் தேடி நாள்தோறும் சைக்கிளில் வருவார். பலகையைப் பார்த்து ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியில் புள்ளி வைப்பார். புள்ளிகளைக் கோட்டால் இணைப்பார். பிறகு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வீடு திரும்புவார்.

கோடு மேலே போன மாதங்களில் அவர் என்னை மெச்சினார். கோடு கீழே திரும்பிய மூன்றாவது நாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு பலகையை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். தவறு கணிதத்தில் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பின்னர் என்னிடம் திரும்பினார்.

“முந்தி முத்து முத்தாய் எழுதினீர், ஏறிச்சுது. இப்ப உம்மட எழுத்தே கீழ்நோக்கிச் சரியுது ஐசே, பிறகு காசு என்ன செய்யும்?”

மூன்று சொற்கள்

விசுவமடுவில் இருந்து லெட்சுமி அக்கா முதன்முதலாக வந்தது, எல்லாம் உச்சியில் இருந்த நாட்களில். மலையகத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் மகள் அவர். கணவர் ராமையாவும் அவரும் கச்சான் கடலையும் மிளகாயும் பயிர் செய்கிறார்கள். ராமையாவுக்குக் கண்ணுக்குள் அழுத்தம். வலக்கண் மங்கியிருந்தது; இடக்கண்ணிலும் தொடங்கியிருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வர நாளாகும், போன பார்வை திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றுவதற்காவது உடனே சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். லெட்சுமி அக்காவின் லண்டன் தம்பி விடுமுறையில் வந்தபோது, யாழ்ப்பாணத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணையும் செய்துவிடும்படி பவுண் தாள்களைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

தாள்களை அவர் தடுப்புக்குக் கீழே நீட்டினார். அவற்றை வாங்கி மாற்றிக் கொடுப்பது மட்டுமே என் வேலை. விலை ஏறுமா இறங்குமா என்று வாடிக்கையாளருக்குச் சொல்லக்கூடாது என்பது தலைமையகத்தின் கட்டளையுங்கூட. ஆனால் நாள்தோறும் ஏற்றத்தையே எழுதிப் பழகிய கைக்கு ஒரு மமதை வந்துவிடுகிறது. நன்மை செய்வதாக எண்ணிக்கொண்டு மூன்று சொற்கள் சொன்னேன்: பொறுங்கோ அக்கா, ஏறும். வாசகரே, திரும்பப் பெற முடியுமானால் நான் திரும்பப் பெற விரும்பும் சொற்கள் அவை. அவர் நன்றியோடு தாள்களை மடித்துக்கொண்டார்.

“நீங்க படிச்ச ஆளு, சொன்னாச் சரியாத்தான் இருக்கும். பொட்டிக்குள்ளயே இருக்கட்டும்.”

எந்தப் பவுண்?

எங்கள் பேச்சில் எட்டுக் கிராம் தங்கமும் பவுண்; இங்கிலாந்தின் தாளும் பவுண். இந்த ஒரு சொல் ஒரு மனிதனின் பார்வையில் கைவைக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

விலை இறங்கத் தொடங்கிய கிழமையில், லெட்சுமி அக்கா பரந்தனில் இருந்து போன பஸ்ஸில் இரண்டு பெண்கள் பேசியதைக் கேட்டிருக்கிறார். பவுண் விழுந்திட்டுதாம் என்று ஒருத்தி சொல்ல, மற்றவள் உச்சுக் கொட்டினாள். அக்காவுக்கு நகை என்று தாலியைத் தவிர ஒன்றுமில்லை. பாவம் நகைக்காரர் என்று மனதுக்குள் இரங்கியபடி வீடு போனார். பக்கத்து வீட்டில் மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். பவுண் விழுந்துவிட்டது, ஓடிப்போய் வாங்குங்கள் என்று அவர்களுக்குப் புத்திமதியும் சொன்னார். அவர்கள் நகைக்கடையில் விலை கேட்டுவிட்டு வந்து இரண்டு நாள் இவரோடு பேசவில்லை.

மூன்று கிழமை கழித்து என் தடுப்புக்கு முன்னால் வந்து நின்றபோதுதான் உண்மை தெரிந்தது. நான் சொன்ன தொகையைக் கேட்டதும் அவர் தாள்களைத் திரும்ப இழுத்துக்கொண்டார். இழந்ததை மீட்ட பிறகே மாற்றுவது என்று அந்தக் கணமே முடிவெடுத்துவிட்டார். ஏறும்போது ஆசை காக்கவைத்தது. இறங்கும்போது பயம் காக்கவைத்தது. மாற்றிவிட்டுப் போங்கள் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கவில்லை. படியிறங்கும் முன் திரும்பிக் கேட்டார்.

“விழுந்தது நகைப் பவுண்னு நெனச்சேன் தம்பி. தாளுமா விழும்?”

ஏறத் தெரிந்த விலைகள்

ஆடி மாதத்தில் கனடாவில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. முந்திய வருடம் வந்தபோது, பிறந்த ஊர்க் கோயிலின் மடத்துக்குக் கூரை போட்டுத் தருவதாக அந்தக் குடும்பத் தலைவர் சபையில் எழுந்து நின்று வாக்குக் கொடுத்திருந்தார். அன்றைய விலைக்குக் கொடுத்த வாக்கு அது. இன்றைய விலைக்கு அவருடைய டொலர்கள் முழுக் கூரைக்குப் போதாது என்று என் கணக்குப்பொறி காட்டியது. ஒரு மாதம் தங்க வந்தவர் பன்னிரண்டு நாளில் திரும்ப முடிவுசெய்தார். முல்லைத்தீவு வீதியில் அவர் பிடித்திருந்த விடுதி அறை மிகுதி நாட்களுக்கு வெறுமையாகக் கிடந்தது.

அவரை வருத்தியது நாணயத்தின் வீழ்ச்சி மட்டும் அன்று. டொலர் ஏறிவிட்டது என்ற காரணம் சொல்லி வான்காரர் வாடகையைக் கூட்டினார். விடுதிக்காரர் அறையைக் கூட்டினார். இளநீர்க்காரரும் கூட்டினார், இளநீர் எந்தத் துறைமுகத்தால் வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. டொலர் இறங்கியபோது அந்தக் காரணத்தை எல்லோரும் மறந்துவிட்டோம். எல்லோரும் என்றுதான் எழுதுகிறேன். என் மைத்துனரும் வான் ஓட்டுகிறார். வாசகரே, விருந்தாளி இரண்டு பக்கமும் இழந்தால் மறுவருடம் வருவாரா என்று நாம் சிந்திக்கவேண்டாமா? அவர் கோபப்படவில்லை. ரூபாய்களை இரண்டு தரம் எண்ணிப் பையில் வைத்தார்.

“என்ர காசு இறங்கினது சரி. நீங்கள் ஏத்தின விலையள் மட்டும் இறங்கிற வழி தெரியாமல் மேலேயே நிக்குது.”

அடுப்பு

நெடுங்கேணி மேசன் குணம், மாற்றுவதற்கு ஒரு தாளும் இல்லாமல் கடைக்கு வருகிற ஒரே மனிதர். சுவிஸில் இருக்கும் ஒருவருக்காக அவர் கட்டிவந்த வீடு யன்னல் மட்டத்தோடு நின்றது. பிராங் கொஞ்சம் ஏறட்டும், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று சொந்தக்காரர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். குணமும் அவரோடு வேலை செய்த நால்வரும் சும்மா இருந்தார்கள். வாங்கி இறக்கிய சீமெந்து மூட்டைகள் அங்கேயே இறுகிக் கல்லாகின. கிளிநொச்சிக்கு வரும்போதெல்லாம் அவர் வாசலில் நின்று பிராங்கின் வரியை மட்டும் வாசிப்பார். ஒருநாள் உள்ளே கூப்பிட்டு, உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று அறியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

“இந்தப் பலகையில எனக்கு ஒண்டும் இல்லை ஐயா. ஆனா என்ர வீட்டு அடுப்பு இதைப் பாத்துத்தான் எரியுது.”

அர்ச்சனை

மாஸ்ரரின் கொப்பி நிறைந்து இரண்டாவது கொப்பி தொடங்கியபோது, அவரைத் திருத்திவிடும் நோக்கத்தோடு நான் ஒரு கதை சொன்னேன். ஒரு கமக்காரனுக்கு வாய்க்கால் தண்ணீர் முறை வந்தது. தண்ணீர் இன்னும் உயர்ந்து வரட்டும் என்று அவன் மடையைத் திறக்காமல் வரம்பில் காத்து நின்றான். பொழுது சாய்ந்தது, முறை அடுத்த வயலுக்குப் போயிற்று, அவன் வரம்பிலேயே நின்றான். மாஸ்ரர் பொறுமையாகக் கேட்டார். தண்ணீர் வேறு டொலர் வேறு என்றும், அந்தக் கமக்காரன் புள்ளிகளைக் குறித்து வைக்காததே பிழை என்றும் விளக்கினார்.

அந்த வெள்ளிக்கிழமை அவரைக் கோயிலில் கண்டேன். அர்ச்சனைத் தட்டோடு நின்றவரிடம் ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். டொலர் ஏறவேண்டும், அதற்காக என்றார் மாஸ்ரர். டொலர் ஏறினால் யூரியாவும் ஏறும் என்பதையும், முந்திய போகத்தில் யூரியா விலைக்காக இதே சந்நிதியில் கண்ணீர் விட்டவர் இவர் என்பதையும் ஐயர் அறிவார். ஐயருக்கும் இரண்டு ஏக்கர் வயல் உண்டு. தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“ரூபாயின்ர பேரிலயும் ஒண்டு செய்யட்டோ மாஸ்ரர்? அதுவும் எங்கட பிள்ளைதானே.”

இரண்டு நாள்

தாள்களைத் திரும்பக் கொண்டுபோய் ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, லெட்சுமி அக்கா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ராமையா படியைக் காலால் தடவி ஏறினார். வலக்கண் முற்றாகப் போய்விட்டது. இடக்கண்ணை இந்தக் கிழமைக்குள் செய்யவேண்டும், பிந்தினால் தம்மைக் குறைசொல்ல வேண்டாம் என்று டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

பவுண் இன்னும் கீழேயே இருந்தது. நான் தொகையைச் சொன்னேன். இரண்டு கண்ணுக்கு அது போதாது; ஒரு கண்ணுக்குப் போதும். காசு காணாமல், அதாவது போதாமல், போகவில்லை, வாசகரே. கண் ஒன்று குறைந்துபோனதால் கண்டது. அக்கா தாள்களை நீட்டவும் மனமில்லாமல் மடிக்கவும் மனமில்லாமல், இன்னும் ரெண்டு நாள் பார்ப்பமா தம்பி என்று என்னையே கேட்டார். அந்தக் கேள்வியை அவருக்குப் பழக்கியவன் நான். முதன்முறையாக உள்ளதைச் சொன்னேன்: எனக்குத் தெரியாது அக்கா, அன்றைக்கும் தெரியாது.

ராமையா, பலகை இருக்கும் பக்கம் எது என்று கேட்டு அங்கே முகத்தைத் திருப்பினார். பிறகு மனைவியின் கையிலிருந்த தாள்களைத் தடவி எடுத்துத் தடுப்பின்மேல் வைத்தார்.

“பலகையில என்ன எழுதியிருந்தா என்ன தம்பி. அது எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்.”

இடக்கண்

அன்றே அவர்களை யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அதன்பின் வந்த நாட்களில் கடைத் தொலைபேசி அடித்தபோதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்தேன். ஆறு கிழமை கழித்து, கறுப்புக் கண்ணாடியோடு ராமையா ஒருவரின் கையையும் பிடிக்காமல் படியேறினார். போனது போனதுதான், மிஞ்சியிருந்தது நிலைத்திருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பலகையின் ஒவ்வொரு வரியையும் இடக்கண்ணால் வாசித்தார். அவர் முன்னால் தலைகுனிந்து, அந்த மூன்று சொற்களுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் பவுணின் வரிக்கு நேரே விரலை வைத்தார்.

“எழுத்து நல்லாத்தான் இருக்கு தம்பி. எண்ணுதான் சின்னது.”

என் சக அவதிக்காரரே, வெளிநாட்டு நாணயம் ஏறுவதும் இறங்குவதும் உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. ஆனால் கண்ணும் கூரையும் அடுப்பும் உங்கள் கையில் இருக்கின்றன. எழுந்துபோய் அலுமாரியைத் திறவுங்கள். அந்தத் தாள் எந்த வேலைக்காக வந்ததோ, அந்த வேலை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை இன்றே செய்யுங்கள். விலை கூட்டியவராயின் இன்றே குறையுங்கள். நாளை காலை எட்டரைக்கு அந்தப் பலகையில் எதை எழுதுவேன் என்பது எழுதுகிற எனக்கே தெரியாது. ஆகையால் இன்றே வாருங்கள், கடை நாலரைக்குப் பூட்டிவிடும்.