சந்தனத்தின் மேல் மாட்டிய ஏரோ பார்

ஆயுத பூஜை முடிந்த ஒன்பதாம் நாள் காலை, வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் என் ரேஸ் சைக்கிளின் ஏரோ பார் சட்டென்று கீழே சுழன்றது. முழங்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்டுவதற்காக ஹேண்டில்பாரின் மேல் மாட்டும் இரண்டு நீண்ட குழாய்கள் அவை. கை அங்கே இருக்கும்போது பிரேக் எட்டாது. பின்னால் தண்ணீர் லாரி.

"முருகா!" அவ்வளவுதான் வாயில் வந்தது. வலது கை எப்படியோ பிரேக்கைப் பிடித்தது. ஓரத்து மணலில் விழுந்தேன். லாரி ஓரடி தள்ளி நின்றது.

டிரைவர் குதித்து இறங்கினார். "இன்னா பாப்பா, படுத்துகினு ஓட்டறே? வூட்ல கட்டில் இல்லியா?" திட்டிக்கொண்டே சிராய்த்த என் முழங்கையைக் கழுவிவிட்டார்.

உயிர் தப்பியது, தைரியம் தப்பவில்லை. மூன்று வாரம் சைக்கிளைத் தொடவில்லை. முதல் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் மெக்கானிக்கல் இன்ஜினியர்; நட்டுகளை, இறுக்கத்தை அளந்துதான் முறுக்கியிருந்தேன். பிறகு ஏன் சுழன்றது? சிட்லபாக்கத்தில் எங்கள் தெரு முருகன் சந்நிதியில் நின்று அழுதேன். "ஓட்டக் கூடாதென்றால் ஆசையை எடுத்துவிடு. ஓட்டலாம் என்றால் காரணத்தைக் காட்டு."

திருநீறு கொடுத்த குருக்கள் என் தழும்பைப் பார்த்து விசாரித்தார். என் வயதுதான் அவருக்கு. மோட்டார் சைக்கிள் பைத்தியம். சொன்னேன்.

"பூஜைக்கு அப்புறம் மாட்டினேளா?"

"ஆமா."

"ஹேண்டில்பார்ல பூசின சந்தனத்தைத் துடைச்சேளா?"

"சாமி சந்தனமாச்சே... மனசு வரல."

"நன்னாயிருக்கு! சந்தனம் நெத்திக்கு, நட்டுக்கு இல்லை."

வீட்டுக்கு ஓடி வந்து, ஏரோ பாரை ஹேண்டில்பாரோடு கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்பைக் கழற்றினேன். உள்ளே காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. இறுக்கிப் பிடிக்க வேண்டிய இடத்தில் அதுதான் வழுக்கியிருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து கைகூப்பினேன்.

இப்போது கிளம்புமுன் செய்வது:

1. மாட்டும் இடத்தைத் துடைத்து, அளந்து முறுக்குவது.
2. நின்ற நிலையில் முழு எடையையும் ஏரோ பார் மேல் கொடுத்து அழுத்திப் பார்ப்பது.
3. முருகனைக் கும்பிடுவது.

சிக்னல், வேகத்தடை, பக்கக்காற்று, முன்னால் இன்னொரு சைக்கிள்: எது வந்தாலும் கை பிரேக்குக்குப் போய்விடும். காலி மைதானத்தில் ஒரு வாரம் பழகிய பிறகே சாலைக்கு வந்தேன். போட்டியை முடித்தேன். கடைசியிலிருந்து நான்காவது! அன்று நான் சிரித்த சிரிப்பு முதலிடக்காரிக்கும் வந்திருக்காது.

பயத்தோடு இருப்பவர்களே, முருகனிடம் மனம்விட்டுக் கேளுங்கள். அவன் பதில் சொல்வான். அது ஒரு கேள்வியாக வந்தால் கோபப்படாமல், வீட்டுக்குப் போய்க் கழற்றிப் பாருங்கள்.