வாடை இல்லாத குழி

சபையாரே, என் வீட்டுக்காரர் மூச்சில்லாமல் கிடந்ததை இந்தக் கண்ணால் பார்த்தவள் நான். அன்றைக்கு எனக்கு உலகமே முடிந்துபோயிற்று.

என் பெயர் எஸ்தர். ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில், தோல் பதனிட ஆவாரம் பட்டை இடிக்கிறேன். அவர் பெயர் தாவீது, அங்கேயே தோல் ஊறவைக்கிற குழிகளில் வேலை. ஐப்பசி மழை விட்டதும், மூடியே கிடந்த ஒரு பழைய குழியைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். அடியில் ஊறிப்போன பட்டையும் தோல் சீவலும். பலகையை எடுத்ததும் குடலைப் பிடுங்கும் நாற்றம். நாங்கள் நாற்றத்திலேயே சோறு தின்கிறவர்கள். வாடை போனால் கெட்ட காற்றும் போச்சு என்பது எங்கள் கணக்கு. குழி ஓரத்திலேயே காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் வாடை அடியோடு நின்றுவிட்டது.

"வாடை போச்சு பாய், எறங்கறேன்" என்றார் இவர். மேஸ்திரி காதர் பாய் தலையாட்டினார்.

ஏணியில் இறங்கினவர் கீழிருந்து, "இன்னா பாய், உள்ள ஒரு வாடையும் இல்லியே" என்றார். அடுத்த பேச்சு வரவில்லை. மெத்தென்று ஏதோ விழுந்தது. எட்டிப் பார்த்தேன். மல்லாந்து, என்னையே பார்த்தபடி கிடந்தார். கண் இமைக்கவில்லை. பட்டப்பகலில் கிடங்கு முழுக்க உலக்கைச் சத்தம் நின்றுபோயிற்று.

பாய்ந்தேன். காதர் பாய் என்னைப் பிடித்து இழுத்தார். "நீயும் போய்ட்டா உன் புள்ளைங்க கதி இன்னா மா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தி ஜெபிப்பது என் வழக்கம். "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தெரியலியே." அவ்வளவுதான் வந்தது.

அப்போது உடம்பு சில்லிட்டது. என் கையில் வாடை இல்லை. பட்டை இடிக்கிறவள் கையில் குளித்தாலும் அந்த வாடை போகாது. அன்றைக்கு ஒன்றுமே இல்லை. அப்படியானால் வாடை குழியை விட்டுப் போகவில்லை. எங்கள் மூக்குதான் செத்துப்போயிருந்தது.

"காத்து கெட்டதுதான் பாய்! யாரும் குழிகிட்ட மூச்சு வுடாதீங்க, தள்ளி நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே காற்றடிக்கிற பக்கம் ஓடினேன். நெஞ்சு திமிறியது. இடித்து ஓய்ந்தால் எங்களுக்கு இப்படித்தான் இரைக்கும். மூச்சை நீளமாக வெளியே விட்டு விட்டு அந்த இரைப்பை அடக்குவோம். உடம்பு பதறினால் காற்றை அதிகம் கேட்கும். கீழே போனால் அடைத்துக்கொண்டு போகிற ஒரே மூச்சுதானே எனக்கு? அடங்கும்வரை நின்றேன். பிறகு இடுப்பில் காதர் பாய் பிடித்த ஒரு கயிறு, கையில் அவரைக் கட்ட ஒரு கயிறு, நெஞ்சு நிறைய மூச்சை அடைத்துக்கொண்டு இறங்கினேன்.

கீழே யாரோ மூச்சு விட்டார்கள்.

என் காதோரம், நிதானமாக. அவர் இல்லை, அவர் வாயில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். நானும் இல்லை, நான்தான் அடைத்திருந்தேனே. மயிர்க்கூச்செறிந்தது. அவர் அக்குளுக்கடியில் கயிற்றை முடிந்தேன். நெஞ்சு எரிய எப்படி மேலே வந்தேன் என்று தெரியாது.

அவரை இழுத்துப் போட்டார்கள். உதடு நீலம். "வுடு மா, பூட்டான்" என்று காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார். பாலாற்றில் முங்கினவர்களுக்குச் செய்வதுபோல் அவரைக் குப்புறப் போட்டு முதுகை அழுத்தினேன், விட்டேன். மறுபடி அழுத்தினேன். கீழே கேட்ட அந்த மூச்சின் கணக்கிலேயே அழுத்தினேன். கை ஓய்கிற நேரத்தில், அவர் முதுகு தானாக எழும்பியது. இருமினார். காதர் பாய் மண்ணில் விழுந்து தம் அல்லாவை வணங்கினார்.

மூச்சை அடக்கினால் சொந்த ரத்தம் ஓடுவது காதில் கேட்கும் என்றார் பிறகு ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டாக்டர் அம்மா. இருக்கலாம். என் ரத்தம் அன்று தறிகெட்டு ஓடியது. நான் கேட்டதோ, தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி.

இப்போதெல்லாம் கூடையில் கோழியை இறக்கி அது பிழைக்கிறதா என்று பார்க்காமல் எங்கள் கிடங்கில் யாரும் குழியில் இறங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊர் சுற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், அதோ, ஆண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்திருக்கிறார். பாட்டு நடுவில் இரைத்து நிறுத்துகிறவர் அவர்தான். அந்த இரைப்புக்காகவே என் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

கஷ்டத்தில், நெருக்கத்தில் இருக்கிறவர்களே, அழகாக ஜெபிக்கத் தெரியவில்லை என்று தயங்காதீர்கள். எனக்கு வந்தது அரை வரி. அதற்கே என் புருஷனைத் திருப்பிக் கொடுத்தார்.