அண்ணி தேய்த்த வெள்ளித் தகடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடை கிராமத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் என் எம்.ஃபில். பட்டம் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. அது மின்னக் கூடாது.

"கருத்துப்போயிக் கெடந்துச்சுங்க தம்பி. திருநீறு போட்டு நாலு தேய் தேச்சேன். பாருங்க, மூஞ்சியே தெரியுது!" என்று அண்ணி வெள்ளித் தகட்டை நீட்டினார். தெரிந்தது. அழப்போகிற மூஞ்சி.

"அந்தக் கருப்புக்கு மூணு வாரம் ஒழைச்சேனுங்க அண்ணி!"

"அழுக்குப் பண்றதுக்கா? நம்மூட்டுப் பசங்க அரை நாள்ல பண்ணிருவாங்களே!"

விஷயம் இதுதான். ஒரு பொருளின் மேல் லேசர் அடித்தால், சிதறி வரும் ஒளியில் கோடியில் ஒரு துளி மட்டும் நிறம் மாறி வரும். அந்த மாற்றத்தை வைத்தே அது என்ன பொருள் என்று சொல்லிவிடலாம். அதற்குப் பெயர் ராமன் நிறமாலை. துளி என்பதால் கொசு முனகுகிற சத்தம்தான் வரும். ஆனால் வெள்ளியின் மேல் கண்ணுக்கே தெரியாத பொடிப்பொடி மேடுகள் இருந்தால், ஒளி அங்கே மாட்டிக்கொண்டு குவியும். அதில் ஒட்டிய மூலக்கூறின் முனகலை, சேர்வராயன் கோயில் திருவிழாக் குழாய் ஸ்பீக்கரில் போட்ட மாதிரி பல்லாயிரம் மடங்கு பெருக்கும். வழவழ வெள்ளியில் அந்த ஸ்பீக்கர் கிடையாது. அண்ணி ஸ்பீக்கர் செட்டையே கழற்றிவிட்டார்.

மறுநாள் காலை பெங்களூரில் லேசர் கருவி எனக்கு ஒரு மணி நேரம். விட்டால் மூன்று மாதம் கழித்துத்தான் அடுத்த முறை. அதற்குள் ஆய்வேடு கொடுக்கும் கெடு முடிந்துவிடும். சேலத்துக்குப் பஸ் மதியம்.

"இப்ப என்ன பண்ணோணும், அதைச் சொல்லுங்க," என்றார் அண்ணி.

"மறுபடி சொரசொரப்பாக்கோணும். பக்குவம் கண்டுபுடிக்கத்தான் மூணு வாரமாச்சு; இப்ப உப்புத்தண்ணியில முக்கி, லேசா கரண்டு விடோணும். பேட்டரி போதுமுங்க."

டார்ச்சில் இருந்ததெல்லாம் செத்த பேட்டரி. உயிருள்ளது ஒன்றில்தான் இருந்தது: அண்ணன் காதோடு ஒட்டிக் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்த ரேடியோவில். அண்ணி நேராகப் போய் அதன் முதுகைத் திறந்தார்.

"ஏய், கடைசி ஓவருடி!"

"தம்பி படிப்பே கடைசி ஓவருல நிக்குதுங்க."

கண்ணாடி டம்ளரில் கல்லுப்புத் தண்ணீர். செத்த பேட்டரியை உடைத்தெடுத்த கரிக்குச்சி ஒரு பக்கம், தகடு ஒரு பக்கம். வயரை மாட்டிய கிளிப் நனையாமல் இருக்கத் தகட்டின் கீழ்ப் பாதியை மட்டும் முக்கினேன். வெள்ளி கருத்தது. வயரை மாற்றிக் கொடுத்தேன், கருப்பு பழுப்பானது. மறுபடி, மறுபடி.

"இந்தக் கண்றாவிக்கா என்ற ரேடியோவப் புடுங்குனீங்க?" என்றார் அண்ணன்.

மழைத்தண்ணீரில் கழுவி, மருந்து பாட்டிலில் போட்டு, பஸ்ஸுக்கு ஓடினேன்.

பெங்களூரில், பிரிடின் என்கிற நாற்றம்பிடித்த திரவத்தைச் சோதனைப் பொருளாகத் தகடு முழுக்க விட்டு, பழுப்புப் பாதியில் லேசரை அடித்தோம். அந்த முனகலைத் தாளில் கோடாக இழுக்கிற பேனா கொஞ்ச நேரம் படுத்தே கிடந்தது. பிறகு சட்டென்று எழுந்து தாளின் உச்சியில் போய் முட்டியது. நான் கத்திவிட்டேன்.

கருவியைப் பார்த்துக்கொள்ளும் தமிழ்க்காரர் அசரவில்லை. "சரிப்பா. வழவழ வெள்ளியில இது வராதுன்னு எப்படிக் காட்டுவ? ஒப்பிட ஒண்ணு கொண்டாந்தியா?"

கொண்டுவரவில்லை. மூன்று வாரமும் சொரசொரப்பிலேயே போயிருந்தது. மீதி இருந்தது பத்து நிமிடம். தகட்டை முறைத்துப் பார்த்தேன். நனையாத மேல் பாதியிலிருந்து என் மூஞ்சி திரும்பி முறைத்தது.

லேசரை நகக்கண் அளவு மேலே நகர்த்தினோம். பேனா ஏற்காடு ஏரி மாதிரி அசையாமல் கோடு போட்டது. "ம், இது போதும்," என்றார் அவர்.

ஆய்வேட்டில், 'வழவழப்பான பகுதி நுண்ணிய சாம்பல் பொடியால் தேய்க்கப்பட்டது' என்று எழுதியதை அண்ணியிடம் சொன்னேன்.

"சாம்பலா? திருநீறுன்னு எழுதுனா என்னங்க? தேச்சது யாருன்னும் காணோமே!"

அண்ணி பெயரை நன்றிப் பக்கத்தில் போட்டேன், ஆய்வு வழிகாட்டிக்கு அடுத்த வரியில். அண்ணன் பெயரும் உண்டு. அந்த மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்று விசாரித்துச் சொன்ன பிறகுதான் அவர் என்னோடு பேசினார்.