எலும்புக் கம்பெனிச் சட்டை

1. தொட்டி

2004இல் கடலூரில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். எட்டாம் வகுப்புகூட முடிக்காதவனுக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்? உள்ளே மாட்டெலும்பு மலையாகக் குவிந்து கிடந்தது. அன்று முழுக்க எனக்கு ஒரே கவலை: இந்த நாற்றம் சட்டையோடு வீட்டுக்கு வந்துவிடுமே.

நொறுக்கிய எலும்பை ஆசிட் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போடுவது என் வேலை. சூப்பர்வைசர் தணிகாசலம் ஊறிய துண்டு ஒன்றைக் கழுவி என் கையில் வைத்தார்.

"வளைச்சுப் பாருய்யா."

ரப்பர் போல வளைந்தது.

"கால்சியம் எல்லாம் ஆசிட்ல போயிடுச்சு. மிச்சம் இருக்கு பாரு, அதான் கொலாஜன். கண்ணுக்குத் தெரியாத நூலு, மூணு புரியா முறுக்கின கயிறு மாதிரி. அதுல கால்சியம் ஒட்டிக்கிட்டாத்தான் எலும்பு. கால்சியம் இல்லன்னா தொவண்டு போவும். கொலாஜன் இல்லன்னா சாக்பீஸ் மாதிரி ஒடியும்."

"இது எதுக்கு சார் ஆவுது?"

"காய்ச்சி ஜெலட்டின் எடுப்பாங்க. நீ முழுங்கற கேப்சூலுக்கு மேல உறை இருக்கே, அது."

2. கடைசி சீட்

சிதம்பரத்தில் கோயில் பக்கத்துத் தெருவில் பெண் எடுத்தேன். முட்டைகூட நுழையாத வீடு. "கெமிக்கல் கம்பெனி" என்றுதான் சொல்லியிருந்தேன்.

ஷிப்ட் முடிந்து நேரே அங்கே போகும் நாட்களில் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் சிரிப்பார். "எலும்புக் கம்பெனியா? கடைசி சீட்டுக்குப் போ மச்சான். அப்படியே ஜன்னலத் தொறந்து வுடு." எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் குளித்து, சட்டை மாற்றி, பழையதைப் பையில் அடியில் திணித்துக்கொண்டுதான் மாமியார் வீட்டுப் படி ஏறுவேன்.

3. டாக்டர் அறை

2009இல் அத்தை ஈரத்தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். நான்தான் கூட்டிப்போனேன். மாவுக்கட்டுப் போட்டபின், எலும்பு மெலிந்திருக்கிறது என்று சொல்லி டாக்டர் வைட்டமின் டி கேப்சூல் ஒன்றைக் கொடுத்தார்.

அத்தை இடது கையில் அதை உருட்டிப் பார்த்தார். "கண்ணாடி மணி மாதிரியே இருக்குது. தண்ணி குடுங்க மாப்ள."

வாயைத் திறந்தால் என் பொய் உடையும். திறக்காவிட்டால், அத்தை வாயில் ஒருநாளும் படாதது இன்று உள்ளே போகும். கேப்சூல் உதடு வரை வந்துவிட்டது.

"அத்தை, வேணாம். அந்த உறை... மாட்டெலும்புல பண்றது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர்.

"எலும்புக் கம்பெனியிலதான் சார் வேலை செய்யறேன்."

தலை நிமிரவில்லை நான். டாக்டர் பொடியாக மாற்றி எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அத்தை சொன்னார். "தலைதீபாவளிக்கு வந்தப்பவே தெரியும் மாப்ள. பையில இருந்த சட்டைய நான்தானே தொவைச்சேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே அத்தை?"

"அவ்ளோ பாடுபட்டு மறைக்கறீங்க. நான் எப்படிக் கேக்கறது?"

அந்தச் சட்டையைத் துவைத்த கை மாவுக்கட்டோடு மடியில் கிடந்தது. பார்க்க முடியாமல் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என்ன வேலை என்று வீட்டில் சொல்வது எனக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. எலும்புக் கம்பெனி என்றே சொல்லுங்கள் என்பேன். சட்டையைத் துவைப்பவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும்.