பன்றிக் கொழுப்பு தேடி நாற்பது மைல்

அப்பா கோயம்புத்தூர் திரும்ப மூன்று நாள்தான் இருந்தது. ஜனவரியில் கலிபோர்னியாவுக்கு, எங்கள் மில்பிடாஸ் வீட்டுக்கு வந்தவருக்கு, ஏப்ரலுக்குள் பெல்ட்டில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் கவுச்சியே கிடையாது. கணவர் ரகு சுத்த சைவம். மாப்பிள்ளை வீட்டில் வாய் திறந்து கேட்கிற ஆள் இல்லை அப்பா. அம்மாவும் இறந்துவிட்டார். இப்படியே இளைத்து ஊர் போய்ச் சேர்ந்தால் தனியாக என்ன சாப்பிடுவார் என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒரு வேளையாவது வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். இந்தப் பயணம் அதற்குத்தான்.

அப்பாவுக்குப் பிடித்தது வெள்ளைப் பன்றிக்கறி. என் சின்ன வயதில், காங்கேயத்தில் ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் மூன்று கல் வைத்து அவரே ஆக்குவார். அந்தக் குண்டா வீட்டுக்குள் வரவே வராது, வெளிச்சுவர் ஆணியில் தொங்கும். அம்மா தொட மாட்டார். கொல்லை வாசற்படியில் நின்று, கரண்டி அப்பாவின் தட்டில் படாமல் ஒரு சாண் உயரத்திலிருந்து சோறு போடுவார். மிஞ்சிய கொழுப்பை டின்னில் ஊற்றி வைத்து, மறுநாள் அதே வெளியடுப்பில் முட்டை பொரித்துத் தருவார் அப்பா. அதைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனால் மத்தியானம் வரை பசிக்காது. இதையெல்லாம் பதினோரு வருடத்தில் ரகுவிடம் நான் சொன்னதே இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள், வெட்கம்தான்.

அப்பார்ட்மென்ட்டில் கொல்லை ஏது? மார்கன் ஹில் பக்கம் அடுப்பு வைத்த பிக்னிக் மேஜைகளோடு ஒரு கவுன்டி பார்க் இருக்கிறது. சனிக்கிழமை காலை எட்டேகாலுக்குக் கிளம்பினோம். ரகுவிடம் சிக்கன் பார்பெக்யூ என்று புளுகியிருந்தேன். தானே டிரைவ் பண்ணுவதாகச் சொல்லி அவரும் கூடவே கிளம்பிவிட்டார். 101 நெடுஞ்சாலை காலியாக இருந்தும் நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மேப்பைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இருபத்தேழு மைல் தாண்டி, மார்கன் ஹில்லில் பெட்ரோல் போட நின்றோம். அப்பா ஐஸ் பெட்டியைத் திறந்து நான் வாங்கி வைத்திருந்த கறிப் பொட்டலத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“அம்மணி, இதுல கொழுப்பே இல்லயே. கொழுப்பு இல்லாம பன்னிக்கறி எப்படி ஆக்கறது?”

சூப்பர்மார்க்கெட்டில் கொழுப்பை வழித்தெடுத்துவிட்டுத்தான் கறி விற்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ரகு பெட்ரோல் குழாயைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பொய் அங்கேயே உடைந்தது. அப்பாவுக்கும் விஷயம் புரிந்து முகம் சுருங்கிவிட்டது. “எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க மாப்ள, ஊட்டுக்கே போயிரலாம்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரகு டேங்க்கை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். சீட் பெல்ட்டை மாட்டினார்.

“அந்தக் கொழுப்பு எங்க கிடைக்கும்?” என்றார்.

மேப்பில் தேடினேன். கில்ராய், இன்னும் பத்து மைல். அங்கே ஒரு மெக்சிகன் கறிக்கடையில் உருக்கிய பன்றிக் கொழுப்பு வெள்ளை வெளேரென்று டப்பாவில் இருந்தது. அப்பா முகர்ந்து பார்த்து வேண்டாம் என்றார், அவருக்குப் பச்சையாக வேண்டும். கடைக்காரம்மாவிடம் இரண்டு விரலை விரித்துத் தடிமன் காட்டினார். அந்தம்மா தோலோடு வேண்டுமா என்பதுபோல் கொழுப்பின் தோலைத் தொட்டுக் காட்டினார், அப்பா தலையாட்டினார். பாஷையே தேவைப்படவில்லை. இரண்டு பவுண்டு, ஒன்பது டாலர்.

மார்கன் ஹில் பக்கம் திரும்பிப் பார்க் வந்து சேரப் பதினொன்று. நுழைவு ஆறு டாலர். கரி பிடிக்கவே அரை மணி நேரம் ஆனது. அப்பா எண்ணெய் விடவில்லை. முதலில் கொழுப்பு, அது தன் நெய்யிலேயே பொரிந்ததும் விதை உதிர்த்த வரமிளகாய், சின்ன வெங்காயம், மஞ்சள், பிறகு கறி, கடைசியில் தேங்காய்ச் சில்லு. காற்று வேறு அடித்தது. நான் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் மேஜையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ரகு புகை வராமல் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அவர் என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை.

ஒன்றேகாலுக்குக் கறி வெந்தது. அப்பா தன் தட்டில் கறியை மட்டும் போட்டுக்கொண்டு மேஜைக் கோடியில் போய் உட்கார்ந்தார். சோறு எங்கள் வீட்டுக் குக்கரில் இருந்தது. அதில் அவர் கை வைக்க மாட்டார். நான் எழுவதற்குள் ரகு குக்கரோடு போய்விட்டார். சோறு போட்டபோது கரண்டி தட்டில் பட்டது.

அப்பா தட்டை வெடுக்கென்று இழுத்தார். “ஏனுங்க மாப்ள, கரண்டி பட்டிருச்சுங்களே. குக்கரே போச்சுங்க.”

“எனக்குத் தயிர் சாதம் தனியா கட்டிட்டேன் மாமா. இது பூரா உங்களுக்குத்தான். தட்ட நீட்டுங்க.”

அப்பா கொஞ்ச நேரம் குக்கரையே பார்த்தார். பிறகு நீட்டினார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கோடையில் கரி மூட்டத் தடை இருக்கலாம், முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள். கறியையும் கொழுப்பையும் கில்ராயிலேயே வாங்குங்கள். வீட்டில் பொய் சொல்லாமல் கிளம்புங்கள், நிம்மதியாக இருக்கும். அப்புறம் அரிசி. எங்கள் வீட்டுக் கணக்குப்படி மூன்று பேருக்கு இரண்டு கப் வைத்திருந்தேன். அப்பா மூன்றாம் முறை தட்டை நீட்டியபோது குக்கர் காலி. கூடுதலாகவே வையுங்கள்.