செடெனாக் ஓடையும் புனிதாவின் தண்ணீர்ப் புட்டிகளும்

செனாய் விமான நிலையத்தில் நான் இறங்கியபோது மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கே விமானம் மாறி ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பறப்பில் ஜொகூர். வெளியே புனிதா இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு வருடங்களுக்கு முன் அவளும் கணவர் மாறனும் பழனிக்கு வந்தார்கள். ரயிலில் எனக்கு எதிர் இருக்கை. திண்டுக்கல்லில் நான் இறங்குவதற்குள் எனக்கு அவள் தங்கையாகிவிட்டாள். "ஜொகூருக்கு வாங்கக்கா, நான் சுத்திக் காட்டுறேன்" என்றாள். அந்தப் பேச்சை நம்பிப் புறப்பட்டு வந்திருந்தேன்.

"என்னக்கா, கோட்டை பாக்குறீங்களா, கடற்கரை பாக்குறீங்களா?" என்று காரில் கேட்டாள்.

"நீ வேலை செய்யும் இடத்தைப் பார்க்கிறேன்" என்றேன்.

"அலமாக்!" என்றாள், மலாயில் 'ஐயோ' என்பதுபோல. "சேறும் தூசியும்தான் இருக்கும்."

புனிதாவின் வேலை எனக்கு அப்போது சரியாகப் புரிந்திருக்கவில்லை. கட்டடம் எழும்பும் இடங்களிலும் ஆலைகளிலும் காற்று, இரைச்சல், தண்ணீர் மூன்றும் சட்டம் சொல்லும் அளவுக்குள் இருக்கின்றனவா என்று அளந்து அறிக்கை கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறாள். மாறன் எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறார். நம் ஊரில் பொக்லைன் என்கிறோமே, அந்த வகை இயந்திரம். நாள் சம்பளம். வேலை நடக்கும் நாளுக்குத்தான் கூலி.

மறுநாள் வியாழன். காலை ஏழு மணிக்கும் இங்கே அரையிருட்டுதான். மாறன் எங்களுக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார். "பசியாறிட்டுப் போலாம்கா" என்றாள் புனிதா. காலை உணவு சாப்பிடுவதற்கு இந்த ஊர்த் தமிழில் பசியாறுவது என்று பெயர். அந்தச் சொல்லுக்காகவே இரண்டு முறை சாப்பிடலாம் போலிருந்தது. நம் பரோட்டாவைப் போன்ற ரொட்டி சானாய் ஒன்றரை ரிங்கிட். பருப்புக் குழம்புக்கு மட்டும் நம் ஊர்க் கைமணம் அப்படியே.

முதலில் போனது தெப்ராவ் என்ற பகுதிக்கு. ஒரு தொழிற்கூடம் விரிவாகிக்கொண்டிருந்தது. அதன் வேலிக்கு இந்தப் பக்கம் வரிசை வீடுகள். புனிதா முக்காலி ஒன்றை விரித்து, பஞ்சுத் தொப்பி போட்ட ஒலிமானியை அதன் மேல் பொருத்தினாள். உடன் வந்த ஆய்டா என்ற மலாய்ப் பெண் கொஞ்சம் தள்ளி, தூசியை உறிஞ்சிப் பிடிக்கும் கருவியை வைத்தாள். அளந்து முடியும்வரை பேசக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூசி மூக்கில் ஏறி ஒரு பெரிய தும்மல் வந்துவிட்டது. ஆய்டா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

பின்னால் ஒரு வீட்டு நாய் வேறு குரைத்தது. அந்த வீட்டுச் சீனப் பெரியவர் ஓடிவந்து நாயை இழுத்துக்கொண்டே புனிதாவிடம் மலாயில் நெடுநேரம் மன்னிப்புக் கேட்டார். போகும்போது மூவருக்கும் ஆளுக்கொரு பழச்சாற்றுப் பெட்டி தந்தார்.

"இரைச்சல்னு புகார் கொடுத்ததே இவர்தான்கா" என்றாள் புனிதா. "நாய் குரைச்சதையும் உங்க தும்மலையும் சேத்துதான் எழுதணும். இல்லைன்னா பழி வேலைக்காரங்க மேல விழுந்துரும்."

என் தும்மல் மலேசிய அறிக்கையொன்றில் ஏறியது இப்படித்தான்.

பகல் உணவுக்குப் பிறகு வடக்கே செடெனாக் நோக்கிப் போனோம். செனாயைத் தாண்டி இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். இரு பக்கமும் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்கள். அவற்றுக்கு நடுவே திடீர் திடீரென்று சிவந்த மண்ணாக வெட்டித் திறந்த நிலங்கள். ஜொகூரில் எந்தத் திசையில் போனாலும் எதையோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். போகும் வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. துடைப்பான் வேகமாக ஆடியும் சாலை தெரியவில்லை. புனிதா பேச்சைக் குறைத்தாள்.

"மழை நல்லதுதானே?" என்றேன்.

"எங்களுக்கு இதுதான்கா பரீட்சை. சும்மா இருக்குற நாள்ல தண்ணி எங்கயும் தெளிவாத்தான் இருக்கும்."

மழை சற்று விட்டதும் செம்பனைகளுக்கு இடையே ஒரு மண்பாதையில் இறங்கி நடந்தோம். எனக்கும் முழங்கால் உயர ரப்பர் காலணி கிடைத்தது. அந்தப் பாதையோரம் ஒரு சிறிய ஓடை. ஒரு பெரிய கட்டுமானத் தளத்தின் ஓரமாக ஓடி, தோட்டத்துக்குள் நுழைகிறது. தளத்துக்கு மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் தண்ணீர் எடுக்க வேண்டும். மேலே எடுத்த தண்ணீர் வழியே புட்டியின் மறுபக்கம் தெரிந்தது. கீழே வந்ததும் புனிதா சட்டென்று நின்றாள். ஓடை பால் ஊற்றிய தேநீரைப் போலக் கெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது.

மழைத் தண்ணீரைத் தேக்கி, மண் அடியில் படிந்த பிறகே வெளியே விட வேண்டும். அதற்காகத் தளத்துக்குள் ஒரு குளம் வெட்டியிருக்கிறார்கள். அது மண்ணால் நிரம்பி வழிகிறது என்று புனிதாவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அவள் முதலில் செய்தது ஒரு தொலைபேசி அழைப்பு. கீழே மீன் வளர்க்கும் ஒரு மலாய்ப் பெரியவருக்கு. இந்த ஓடைத் தண்ணீர்தான் அவருடைய குளங்களுக்குப் போகிறது. மடையை உடனே அடைக்கச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் புட்டியைத் தண்ணீரில் முக்கினாள். ஆய்டா மூடி, முத்திரை ஒட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தாள்.

தளத்தின் துணை மேலாளர் ராகவன் மழைச்சட்டையோடு வேகமாக இறங்கி வந்தார். நடுவயது, களைத்த முகம். எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு அவளிடம் திரும்பினார்.

"புனிதா, நாளைக்கு எடுங்களேன் லா. இவ்வளவு மழையில எந்த ஓடைதான் கலங்காது?"

"மேல எடுத்தது தெளிவா இருக்குண்ணே. நீங்களே பாருங்க."

அவர் பார்க்கவில்லை. "இந்த அளவு வெளியே போனா சரிவு வேலைய நிப்பாட்டணும். எத்தனை பேருக்கு வேலை போகும்னு தெரியும்ல? அந்தச் சரிவுல மண்ணு வெட்டுறது யாரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாறன் வேலை செய்வது இங்கேதான். புனிதா ஒரு நொடி ஓடையைப் பார்த்தாள்.

"தெரியும்ணே. அவரு வெட்டுற மண்ணுதான் இது."

ராகவன் மேலே சரிவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றி, மழைநீரை உதறினார். "சரி, எடுத்துக்குங்க" என்றார். மேடேறிப் போகும்போதே வாக்கிடாக்கியில் யாரையோ கூப்பிட்டுச் சரிவில் வேலையை நிறுத்தச் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

காரை ஆய்டா ஓட்ட, புனிதா கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கணவர் அங்கே வேலை செய்வது அவளுடைய அலுவலகத்துக்குத் தெரியுமாம். அதனால்தான் அங்கே எடுக்கும் ஒவ்வொரு புட்டிக்கும் ஆய்டா முத்திரையிட வேண்டும் என்று ஏற்பாடு. சட்டப்படி எல்லாம் சரி.

"வீட்டுக்குப் போய் என்ன சொல்றதுன்னுதான்கா தெரியல. சரிவு வேலை நின்னா அவருக்குச் சம்பளம் நிக்கும். இந்த மாசம் எங்க பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் மாத்தணும்."

அவள் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தேன்.

மாறன் வீடு திரும்பியபோது இடுப்புவரை சேறு. வாசல் குழாயடியில் நின்று காலணியைக் கழுவினார். தேவைக்கு மேலே வெகுநேரம் கழுவினார். புனிதா துண்டோடு வாசலில் நின்றாள். நான் சமையலறையில் இல்லாத வேலையைத் தேடினேன்.

"போன் பண்ணிருக்கலாம்" என்றார் கடைசியில்.

"பண்ணக் கூடாதுங்க. மத்தவங்களுக்குத் தெரியுறதுக்கு முந்தி உங்களுக்குத் தெரியக் கூடாது."

"தெரியும். இருந்தாலும் பண்ணிருக்கலாம்."

அவள் துண்டை நீட்டினாள். அவர் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "குளம் ரொம்பிக் கிடந்ததை நாங்க எல்லாருமே பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். சொன்னா வேலை நிக்குமேன்னு எவனும் வாயைத் தெறக்கல. நானும்தான்." பிறகு குரல் மாறியது. "இப்ப என்னையே குளத்தைத் தூர் வார விட்டுட்டாங்க. நாளைக்கும் அதான். சரிவுக்கு எப்பப் போறதோ."

"அப்ப சம்பளம்?"

"தூர் வார்ற வரைக்கும் உண்டு. அப்புறம் பாப்போம்."

சாப்பிடும்போது என் பக்கம் திரும்பி, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னார்: "அக்கா, இன்னிக்கு யாரோ ஒரு அம்மா வந்து எங்க வேலைய நிப்பாட்டிட்டாங்க. பயங்கரமான அம்மாவாம்." புனிதா அவர் தட்டில் இன்னொரு கரண்டி மீன் குழம்பை ஊற்றினாள். பார்த்தால், சிரித்துக்கொண்டே அழுகிறாள்.

அடுத்த வாரம் நான் ஊருக்குக் கிளம்பும் நாளில் மறுபடி ஓடைக்குப் போனோம். கரையோரம் புதிதாகத் தடுப்புத் துணி கட்டியிருந்தார்கள். சரிவைப் பாய் விரித்து மூடியிருந்தார்கள். தண்ணீரில் கூழாங்கற்கள் தெரிந்தன. மீன் வளர்க்கும் பெரியவர் மடையைத் திறந்துவிட்டாராம், ஒரு மீனும் சாகவில்லையாம். சரிவில் வேலை மறுபடி தொடங்கியிருந்தது. மாறனுக்கு இடையில் மூன்று நாள் சம்பளம் போனது போனதுதான். அதைப் பற்றி இருவரும் என்னிடம் பேசவில்லை. மேலே இயந்திரத்திலிருந்து அவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். புனிதா, வேலை நேரமென்று, கையசைக்காமல் குனிந்து புட்டியை நிரப்பினாள். ஆனால் காது வரை சிவந்திருந்தாள்.

திண்டுக்கல் வந்து சேர்ந்த மறுநாள் மொட்டைமாடிக்குப் போனேன். காயப்போட்ட துணியெல்லாம் வெண்தூசி. எங்கள் தெருமுனையில் ஓர் அடுக்குமாடி எழும்புகிறது. இத்தனை நாளும் அந்தத் தூசியை வெயிலைப் போல, பனியைப் போல, தானாக வருகிற ஒன்றாகவே நினைத்து உதறிக்கொண்டிருந்திருக்கிறேன். துணியை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தேன்.

"இங்கே தூசியை அளப்பவர் யார்?" என்று வாசலில் கேட்டேன்.

காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் வழி தவறி வந்துவிட்டதாக நினைத்திருப்பார். ஆனாலும் மரியாதையாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அப்படி யாரும் இருக்காங்களான்னு இன்ஜினியர்கிட்ட கேக்கணும்மா. நாளைக்கு வாங்களேன்."

மறுநாள் போனேன்.